தேய்த்துவிட்டால் கூன் நிமிருமா?

'டாக்டர், ஒரு பத்து நாள் தைலம் போட்டுத் தேய்ச்சுவிட்டா இந்தக் கூன் நிமிர்ந்துடும்தானே?'

தையல் மெஷின் முன்னால் குனிந்தே இருக்கும் பெண்கள், கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள், செல்போனிலிருந்து தலை தூக்காத பிள்ளைகளின் பெற்றோர் என்று பலரும் கேட்கிற கேள்வி இது. தேய்த்தால் இறுக்கம் போகும். நிமிர்ந்து நிற்பது நீங்கள் பழக வேண்டிய வேலை!

ஏன் இறுகுகிறது?

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. கழுத்து நேராக இருந்தால் அந்தச் சுமை முதுகெலும்பின் மேல் இறங்கிவிடும். தலை முன்னால் போகப் போக, பின்கழுத்துத் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், புரியும். மணிக்கணக்கில் இப்படியே இருந்தால் தசை களைத்து இறுகும். வலிக்கிறதே என்று அசைக்காமல் விட்டால் இன்னும் இறுகும்.

தொக்கணம்

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று இதில் 9 வகை உண்டு. கடைசியில் வருகிற அசைத்தலைக் கவனியுங்கள். மூட்டை அதன் போக்கில் அசைப்பதும் சிகிச்சைதான்!

தொக்கணத்தால் வலி குறையும், கழுத்தும் தோளும் லேசாகத் திரும்பும். ஆனால் இந்தச் சுகம் கொஞ்ச நாளைக்குத்தான். வலி குறைந்த அந்த நாட்களிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய கதைதான். எலும்பே வளைந்து விழுந்த கூனை எந்தத் தைலமும் நிமிர்த்தாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, பின்கழுத்திலிருந்து தோள்வரை 10 நிமிடம் இதமாகத் தேய்த்துவிடுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்தக்கூடாது. இரு பக்கத் தசையில் மட்டும் தேய்க்கலாம். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

* வெந்நீரில் குளித்தபின் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்கி இறக்குங்கள். 10 முறை போதும்.

* தலையைக் குனியாமல் தாடையைப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். இதுவும் 10 முறை.

* அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள். விறைப்பாக நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பதும் களைப்புதான். அடிக்கடி மாற்றி உட்காருவதே நல்லது.

ஜாக்கிரதை!

முடிவெட்டும் கடையில் கழுத்தைச் 'சடக்'கென்று திருப்பி நெட்டி முறிக்கிறார்களே, அதற்கு ஒருபோதும் கழுத்தைக் கொடுக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் உயரம் குறைந்து கூன் விழுந்தால், எலும்பு வலுவிழந்து முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். 'பாட்டிக்கு நல்லா அழுத்தித் தேய்ச்சுவிடு' என்று பேரனிடம் சொல்வது ஆபத்து. எலும்பு உடையக்கூடும். முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் அடர்த்தியையும் பார்த்துவிடுங்கள். பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். கை கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ தைலத்தைத் தேட வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், அடிபட்ட வீக்கம் இருந்தாலும் தேய்ப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலோடு தொடங்குங்கள். சுவர்ப் பயிற்சியை மட்டும் ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிடாதீர்கள்!