‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்றால் நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

“இது ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட மருந்துங்க. வெளிநாட்டுல கட்டுரையே வந்திருக்கு” என்று ஒரு பாட்டிலை நீட்டும் விற்பனையாளரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டுரை வந்திருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அதன் எடை என்ன? நெல்லுக்கு எடைக்கல் இருப்பதுபோல ஆய்வுக் கட்டுரைக்கும் ஓர் எடைக்கல் உண்டு. அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

எடை போடுவது எப்படி?

ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதும்போது, தான் பயன்படுத்திய முந்தைய கட்டுரைகளைக் கடைசியில் பட்டியலிடுவார். இதற்கு மேற்கோள் என்று பெயர். ஒரு கட்டுரையை எத்தனை பேர் இப்படி மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவதே அதன் செல்வாக்கை அளக்கும் பொதுவான வழி. அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் இதற்கான அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். இன்று கூகுள் ஸ்காலர் தளத்தில் கட்டுரையின் தலைப்பைத் தட்டினால், இந்த எண்ணிக்கையை உங்கள் கைபேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

எச்-குறியீடு என்பது 2005-ல் வந்த இன்னொரு அளவு. ஒருவரின் கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-குறியீடு 20.

சுப்பாராவ் சொல்லும் பாடம்

இந்த எண்களின் பலமும் பலவீனமும் புரிய, எல்லாப்பிரகத சுப்பாராவ் நல்ல உதாரணம். பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற உயிர்வேதியியலாளர் இவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறை அது. பல ஆயிரம் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன.

உங்கள் மண்வள அட்டையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதல்லவா? மண் பரிசோதனை நிலையத்தில் அதை அளப்பதும் இதே மாலிப்டினம் நீல நிறத்தை வைத்துத்தான். சேர்க்கும் ரசாயனங்கள் சில மாறும், கொள்கை ஒன்றே.

இதே இருவர் 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியாகக் கண்டுபிடித்தார். பயிரிலும் மாட்டிலும் மனிதரிலும் உயிர்ச்செயல்களுக்கு ஆற்றல் தரும் பொருள் இதுதான். மணிச்சத்து குறைந்தால் பயிர் வேர்விடாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், இன்று ஏ.டி.பி. பற்றி எழுதும் பெரும்பாலோர் அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்று சொல்லும்போது, முதலில் சொன்னவர் யார் என்று நாம் கேட்பதில்லையே, அதுபோலத்தான். எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட அறிவுக்கு மேற்கோள் நின்றுபோகும்.

பின்னாளில் லெடர்லி நிறுவனத்தில் சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தையும் உருவாக்கியது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சத்து மாத்திரையிலும், யானைக்கால் தடுப்புக்கு வீடு வீடாகக் கொடுத்த மாத்திரையிலும் அந்தக் குழுவின் உழைப்பு இருக்கிறது. மாத்திரை விழுங்கியவர்கள் யாரும் மேற்கோள் எழுதவில்லை. அந்தப் பயன் எந்த அட்டவணையிலும் ஏறாது.

பெரிய எண் பெரிய கண்டுபிடிப்பா?

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆலிவர் லோரியும் குழுவினரும் 1951-ல் புரதத்தை அளக்கும் முறையை வெளியிட்டனர். அந்தக் கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ‘நேச்சர்’ இதழ் 2014-ல் வெளியிட்ட பட்டியலில் அதற்கே முதலிடம். டி.என்.ஏ. அமைப்பைச் சொன்ன 1953-ம் ஆண்டுக் கட்டுரையோ முதல் நூறுக்குள் வரவில்லை. தன்னுடையது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை அல்ல என்று லோரியே எழுதியிருக்கிறார். மண்வெட்டியைத் தினமும் எடுக்கிறோம், அதனால் எண்ணிக்கை கூடுகிறது, அவ்வளவுதான். மறுப்பதற்காகக் காட்டும் மேற்கோளும் அந்த எண்ணிக்கையில்தான் சேரும்.

உங்கள் வயலுக்கு எது எடைக்கல்?

ஆகவே, மேற்கோள் எண்ணிக்கையை முதல் சல்லடையாக மட்டும் வையுங்கள். பாட்டிலை வாங்கும் முன் கேட்க வேண்டியவை இவை:

• கட்டுரையின் தலைப்பும் ஆண்டும் என்ன? சொல்ல முடியாதவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

• சோதனை நடந்தது கண்ணாடிக் குழாயிலா, தொட்டியிலா, வயலிலா? எந்த மண்ணில், எந்தப் பயிரில், எத்தனை பருவம்?

• வேறு குழுவினர் செய்து பார்த்தும் அதே பலன் கிடைத்ததா? எழுதியவர்களே தங்களை மேற்கோள் காட்டிக்கொள்வது கணக்கில் வராது.

• ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? பெரும்பாலும் கட்டுரையின் முடிவில் இருக்கும்.

• உயிர் ஊக்கி என்றால், 2021 முதல் அது உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது. உரிய அனுமதி இருக்கிறதா?

ஆங்கிலக் கட்டுரையைப் படிக்கச் சிரமமாக இருந்தால், தலைப்பைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். களப் பணியாளர்கள் இந்த ஐந்து கேள்விகளையும் உழவர் குழுக் கூட்டங்களில் சொல்லிக்கொடுக்கலாம்.

அதன்பிறகும் வாங்கத் தோன்றினால், முழு வயலிலும் தெளிக்காதீர்கள். சில பாத்திகளுக்கு மட்டும் தெளியுங்கள், பக்கத்திலேயே சிலவற்றைத் தெளிக்காமல் விடுங்கள். மற்ற உரமும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒரே அளவு இருக்கட்டும். அறுவடையில் தனித்தனியாக எடை போட்டு, செலவையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். உங்கள் மண்ணைப் பற்றி அந்தக் கணக்கு சொல்வதை எந்த மேற்கோள் எண்ணிக்கையும் சொல்லாது.