உங்களுக்குத் தெரியுமா? மலைக்குப் பின்னால் போகும் சூரியனும் எரியாத வாசல் விளக்கும்

‘சூரியன் மறைந்ததும் வாசல் விளக்கு எரியட்டும்’ என்று ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் எழுதி வைத்தால், அது வானத்தைப் பார்ப்பதே இல்லை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் மலை கிடையாது. கடல்போலச் சமமான தொடுவானம்தான். பாலக்காட்டுக் கணவாயின் திறந்த வெளியில் கணக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒத்துப்போகும். மறையூர்ப் பள்ளத்தாக்கில் போகாது.

எவ்வளவு வித்தியாசம் வரும்? கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். மேற்கு முகடு ஒரு முஷ்டி உயரம் இருந்தால், மென்பொருள் சொல்லும் அஸ்தமனத்துக்கு 40 நிமிடம் முன்பே வெயில் போய்விடும். இங்கே ‘சன்செட்’ ட்ரிக்கரை (தூண்டலை) விட்டுவிட்டு, சூரியனின் ‘எலிவேஷன்’ (தொடுவானத்திலிருந்து அதன் உயரக் கோணம்) 10-க்குக் கீழே இறங்கும்போது என்று எழுதுவதே சரி. ஆனால் ஒரு முறை அளந்தால் போதாது. சூரியன் மறையும் இடம் டிசம்பரில் நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி தெற்கே, ஜூனில் அதே அளவு வடக்கே. இடைவெளி கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. அந்த நீளத்தில் முகடு ஏறியும் இறங்கியும் இருக்கும். இன்னொன்று: மலை நிழல் விழுந்தவுடன் இருட்டிவிடாது. திரைச்சீலைக்கும் சோலார் ஹீட்டருக்கும் முஷ்டிக் கணக்கு தேவை. வாசல் விளக்குக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

மே, ஜூன் முழுக்க விளக்கு எரியவே இல்லையா? அமைப்பில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாலக்காடு வடக்கு 10.77, கிழக்கு 76.65. மாற்றிப் போட்டால் உங்கள் வீடு ஸ்வால்பார்டு தீவுகளுக்குத் தென்மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் உட்காரும். அங்கே கோடையில் மாதக்கணக்கில் அஸ்தமனமே கிடையாது.

‘அடுத்த அஸ்தமனம் 13:00’ என்று திரையில் பார்த்துப் பதற வேண்டாம். அந்த விவரங்கள் உலகப் பொது நேரத்தில் காட்டப்படுகின்றன. ஐந்தரை மணி கூட்டினால் மாலை 6:30.

ஐரோப்பியர் எழுதிய ஆட்டோமேஷனை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் அதிகம். ‘ஆஃப்செட்’டில் (நேர நகர்த்தலில்) கழித்தல் குறி என்றால் முன்பு, குறி இல்லையென்றால் பின்பு. இது எங்கும் ஒன்றுதான். ஆனால் அந்தி எங்கும் ஒன்றல்ல. ஜூனில் லண்டனில் சூரியன் மறைந்த பிறகும் 40 நிமிடத்துக்கு மேல் நல்ல வெளிச்சம் இருக்கும். நம்மிடம் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். அவர்களுடைய ‘அஸ்தமனத்துக்குப் பின் 40 நிமிடம்’ இங்கே கும்மிருட்டு.

ஐரோப்பிய இரவல் வம்பு திரைச்சீலையில் இன்னும் பெரிது. அங்கே நடுப்பகல் சூரியன் என்றும் தெற்கில்தான். மூணாறு, பாலக்காட்டில் ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போகிறது. ஆகஸ்ட் கடைசி வாரம்தான் திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் நண்பகலில் ‘அசிமுத்’ (வடக்கிலிருந்து அளக்கும் திசைக் கோணம்) 180-ஐத் தொடுவதில்லை. காலையில் 70, 60 என்று குறைந்துகொண்டே வந்து, பூஜ்யத்தைத் தாண்டி 360 பக்கம் குதிக்கும். ‘அசிமுத் 135-க்கும் 225-க்கும் நடுவே இருந்தால் தெற்குத் திரையை மூடு’ என்ற விதி அப்போது வேலை செய்யாது. செய்யவும் வேண்டாம்; வெயில் வடக்கு ஜன்னலில் அல்லவா விழுகிறது!

‘எலிவேஷன் 0-க்குக் கீழே’ என்பது அஸ்தமனம் அல்ல. சூரியனின் மேல்விளிம்பு மறைவதே அஸ்தமனம். ஒளிவிலகலையும் சேர்த்தால் அப்போது மையம் -0.833 டிகிரியில் இருக்கும். மூன்று நிமிடச் சொச்சம் வித்தியாசம்.

மிக நீண்ட இரவு டிசம்பர் 22-ஐ ஒட்டி. ஆனால் பாலக்காட்டில் மிகத் தாமதமான உதயம் அன்றல்ல: அன்று சுமார் 6:37, ஜனவரி கடைசியில் சுமார் 6:48. ‘பொங்கல் கழிந்தும் காலை விளக்கு அணையத் தாமதமாகிறதே’ என்றால் மென்பொருள் கெடவில்லை. சுவரில் தொங்கும் காலண்டர் சென்னைக்குக் கணித்ததாக இருந்தால் அதில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் முந்தியே உதயம் இருக்கும்.

அஸ்தமன நேரத்தில் கரண்ட் இல்லையென்றால் அன்றைய ட்ரிக்கர் போனது போனதுதான். கரண்ட் வந்ததும் மென்பொருள் பின்னோக்கிப் பார்க்காது. மழைக்கால இடுக்கியில் இது வாடிக்கை. ‘ஹோம் அசிஸ்டன்ட் தொடங்கும்போது’ என்ற இரண்டாவது ட்ரிக்கரையும் சேருங்கள். கூடவே நிபந்தனையாக ‘அஸ்தமனத்துக்குப் பின்’ என்று மட்டும் போட்டால் நள்ளிரவு 12 மணிக்கு அது பொய்யாகிவிடும், அடுத்த நாளின் அஸ்தமனம் இன்னும் வரவில்லை என்பதால். ‘சூரியன் தொடுவானத்துக்குக் கீழே’ என்ற நிலையைக் கேட்பது உத்தமம்.

மேகத்தைப் பற்றி இந்தக் கணக்குக்கு எதுவும் தெரியாது. ஆடி மழையில் நாலரை மணிக்கே இருட்டும் தேவிகுளம் வீடுகளுக்கு நூறு வரி நிரலைவிட வெளியே மாட்டும் ஒரு ஒளி சென்ஸார் மேல். ஒளியின் அளவு ஐந்து நிமிடம் தொடர்ந்து குறைவாக இருந்தால் மட்டும் விளக்கு எரியட்டும். ஒரு மேகம் கடந்ததற்கெல்லாம் எரியக்கூடாது. சென்ஸாரை அந்த விளக்கின் வெளிச்சம் படாத பக்கம் மாட்டுங்கள். பட்டால், விளக்கு எரிந்ததும் ‘விடிந்துவிட்டது’ என்று அதுவே அணைத்துவிடும்.