மகள் கேட்கும் முதல் றபான்

பெருநாள் காசு சேர்ந்ததும் மகள் றபான் கேட்கிறாளா? "பெண் பிள்ளைக்கு ஏன்?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நபிகளார் (ஸல்) காலத்தில் கலியாணத்திலும் பெருநாளிலும் தப் அடித்தவர்கள் சிறுமிகளே.

ஆனால் விளையாட்டுச் சாமான் கடையில் தொங்குவதை வாங்கிவிடாதீர்கள். சில நாளில் தோல் தொய்ந்துவிடும். பிள்ளையின் ஆசையும் அதோடு போய்விடும். நல்ல றபானுக்குப் பெரும்பாலும் பலாமரச் சட்டம், ஆட்டுத்தோல். சமமான மேசையில் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் மரம் வளைந்திருக்கிறது. ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமானால் தோல் சமமாக இழுபடவில்லை.

மழை நாளில் எந்தத் தோலும் ஈரத்தை உறிஞ்சித் தளரும். சிங்களப் பெண்கள் புத்தாண்டில் பெரிய றபானின் கீழே தணல் வைப்பது இதற்காகத்தான். சின்ன றபானுக்குச் சற்று வெயில் போதும். அடுப்பருகே பிடித்தால் தோல் வெடித்துவிடும்.

முதலில் இரண்டே அடிகள். உட்புறம் அடித்தால் 'தும்', ஓரத்தில் விரல்நுனி பட்டால் 'தக்'. இவை தெளிவாக வரும்வரை வேகம் வேண்டாம். தினமும் பத்து நிமிடம் போதும். அதிகமானால் அவளுக்கு விரல் வலிக்கும், நமக்குத் தலை வலிக்கும்! குடும்பத்தில் றபான் அடித்துப் பழகிய மூத்தம்மா யாரும் இருந்தால் அவரருகே உட்கார வையுங்கள். கை வைக்கும் முறையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.