பழைய மாதிரித் தொடர்வண்டி எஞ்சினின் மின்னோடிப் பராமரிப்பு

பழைய மாதிரித் தொடர்வண்டி எஞ்சினின் மின்னோடிப் பராமரிப்பு என்பது, பல்லாண்டுகள் ஓடாமற் கிடந்த சிற்றுருவத் தொடர்வண்டி எஞ்சினின் மின்னோடியைத் துப்புரவு செய்து, தேய்மானத்தைச் சோதித்து, மசகெண்ணெய் இட்டு மீண்டும் ஓடச் செய்வதைக் குறிக்கும். இங்கு பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் பிரித்தானிய எஞ்சின்களே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பின்னணி

பிராங்க் ஹோர்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1920-இல் சாவி கொடுத்து ஓடும் தொடர்வண்டிகளை விற்கத் தொடங்கியது. 1938-இல் ஹோர்ன்பி டப்ளோ என்ற சிறிய மின்தொடர்வண்டி வெளிவந்தது. இதில் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ.; உருவளவு ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. இதற்குப் போட்டியாக 1950-களில் ட்ரை-ஆங் வந்தது. ட்ரை-ஆங்கின் உரிமையாளரான லைன்ஸ் பிரதர்ஸ் 1964-இல் மெக்கானோவையே வாங்கிக்கொண்டது.

இந்தியாவில் இப்பொழுதுபோக்கு பரவலானதன்று. புனேயில் 1998-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுருவ இரயில் அருங்காட்சியகம் குறிப்பிடத்தக்கது. புதுக்கோட்டை மாவட்டத்தைப் பொறுத்தவரை, இராயவரம், அரிமளம், கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்களின் பெரிய வீடுகளுக்குப் பர்மா, மலாயா, இலங்கை வணிகத்தின் வழியே ஐரோப்பியப் பொருட்கள் பல வந்து சேர்ந்தன. அத்தகைய வீட்டு அலமாரி ஒன்றில் பொம்மை எஞ்சின் கிடைத்தால், உடனே மின்னிணைப்புக் கொடுத்துப் பார்க்கத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது.

முதலில் அறிய வேண்டியவை

எல்லாப் பழைய எஞ்சின்களும் ஒரே வகை மின்சாரத்தில் ஓடுவதில்லை. ஜெர்மனியின் மார்க்ளின், அமெரிக்காவின் லயனல் ஆகியவற்றின் பழைய எஞ்சின்கள் தாழ்ந்த அழுத்த மாறுமின்னோட்டத்தில் ஓடுபவை. ஹோர்ன்பி டப்ளோ போன்ற நிலைக்காந்த மின்னோடிக்கு மாறுமின்னோட்டம் கொடுத்தால் அது சுழலாது, உறுமிக்கொண்டே சூடாகும். அமெரிக்காவிலிருந்து வந்த மின்மாற்றி அந்நாட்டின் 110-120 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட் இணைப்பில் செருகினால் எரிந்துவிடும். துணி சுற்றிய, இரப்பர் உதிர்ந்த கம்பியுள்ள பழைய மின்மாற்றியைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. எஞ்சின் போனால் பொம்மைதான் போகும், மின்மாற்றி உயிரையே எடுக்கக்கூடும்.

அடுத்து உடற்பகுதியைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் பல பாகங்கள் மசாக் எனப்படும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டன. கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், வார்ப்பு காலப்போக்கில் உப்பி, வெடித்து, நொறுங்கும். வெப்பமும் ஈரப்பதமும் இதை விரைவுபடுத்தும் என்பதால் நம் ஊர்களில் கூடுதல் கவனம் தேவை. இதற்கு மாற்று மருந்து இல்லை. விரிசல் தெரிந்தால் திருகாணியை வலிந்து முடுக்கக் கூடாது.

துப்புரவு

இம்மின்னோடிகளில் பொதுவாக மூன்று முனைகள் கொண்ட ஆர்மேச்சர், மூன்று செப்புத் துண்டுகளாலான திசைமாற்றி, அதன்மேல் அழுந்தும் இரண்டு கார்பன் தூரிகைகள், ஒரு நிலைக்காந்தம் ஆகியவை உள்ளன. திசைமாற்றியை ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். செப்புத் துண்டுகளுக்கிடையேயுள்ள பிளவுகளில் கரித்தூள் அடைந்திருக்கும். அதைக் கூர்மையாக்கிய தென்னை ஈர்க்கால் எடுப்பது எளிது. ஊசி செம்பைக் கீறிவிடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

மல்டிமீட்டரால் திசைமாற்றியின் ஒவ்வோர் இணைத் துண்டுகளுக்கிடையே மின்தடையை அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கம்பிச்சுருள்கள் நலம். ஒன்று மட்டும் மாறுபட்டால் சுருளில் பழுது உள்ளது.

ட்ரை-ஆங்கின் எக்ஸ்.04 மின்னோடியில் தூரிகைகளை அழுத்தும் வில்கம்பியின் ஒரு கையில் சிறிய காப்புக் குழல் உண்டு. கழற்றும்போது இது எளிதில் தொலைந்துவிடும். அது இல்லாமல் பூட்டினால் மின்குறுக்கு ஏற்படும். வேலையைத் தட்டு ஒன்றின்மேல் செய்வது நல்லது.

இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு, தேவையின்றி ஆர்மேச்சரை வெளியே எடுப்பது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ போன்ற பழைய காந்தங்கள் இரும்புச் சுற்றுப்பாதை துண்டிக்கப்பட்டால் வலிமை இழக்கும். ஆர்மேச்சரைத் திரும்ப வைத்தாலும் இழந்த வலிமை முழுதும் மீளாது. காந்தம் தளர்ந்த மின்னோடி எதிர் மின்னியக்கு விசையைக் குறைவாகவே உண்டாக்கும்; ஆகவே மிகுதியான மின்னோட்டத்தை இழுத்து, சூடாகி, வலுவின்றி ஓடும். மீண்டும் காந்தமேற்றத் தனிக்கருவி வேண்டும்.

மசகிடல்

தையல் இயந்திர எண்ணெய் இப்பணிக்குப் போதுமானது. ஊசி முனையில் தொங்கும் ஒரு துளியை ஆர்மேச்சர் அச்சின் இரு தாங்கிகளிலும் இட வேண்டும். எக்ஸ்.04-இல் தாங்கியருகே உள்ள கம்பளித் துணுக்கு எண்ணெயைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். அது காய்ந்திருந்தால் நனைத்தால் போதும். சக்கர அச்சுகளுக்கும் ஒவ்வொரு துளி. புழுப் பற்சக்கரத்திற்கு மெல்லிய கிரீஸ் ஏற்றது. நெகிழிப் பாகங்கள் இருப்பின் அவற்றைத் தாக்காத வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டிலுள்ள எண்ணெய்கள் இதற்கு உதவா. நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். விளக்கெண்ணெய் இத்தகைய சிறு அச்சுகளுக்கு மிகவும் தடித்தது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழ் உறையும். மார்கழி விடியலில் எஞ்சின் நின்றுவிடும்.

எண்ணெய் குறைவதைவிட மிகுவதே ஆபத்து. மிகுந்த எண்ணெய் திசைமாற்றியில் பரவி, கரித்தூளுடன் குழம்பாகிப் பிளவுகளை இணைக்கும், தீப்பொறி பறக்கும்.

சோதனை ஓட்டம்

முதலில் சக்கரங்களைக் கையால் சுழற்றித் தடையின்றிச் சுற்றுகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பிறகு 3 அல்லது 4 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, இரு திசைகளிலும் சில நிமிடங்கள் ஓட்டலாம். சுழலாமல் நின்றால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். நின்ற மின்னோடியே விரைவில் எரியும். ஓட்டத்திற்குப் பின் வழிந்த எண்ணெயைச் சக்கர விளிம்புகளிலிருந்து துடைத்துவிட வேண்டும், ஏனெனில் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பவை அவையே.