கப்பலேறி வரும் உயிர்களும் களப்புகளும்

ஈழத்தின் கீழ்கரையிலே கல்முனையிலிருந்து நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் கிழக்கே வங்கக்கடல். மேற்கே வயலும் வில்லும் களப்பும். மட்டக்களப்பு வாவியின் தென்கோடி நீர்ப்பரப்புக் கல்முனைக்கு மேற்கேயுள்ள கிட்டங்கியை எட்டுகின்றது. மாரிகாலத்தில் அங்குள்ள தாம்போதியருகே ஆற்றுவாழை பாய்விரித்தாற்போல வந்து அடைத்து நிற்பதை இப்பகுதி மக்கள் நன்கறிவர். தோணி செலுத்துவோர்க்கும் வலை வீசுவோர்க்கும் அது பெருந்தொல்லை.

இச்செடி இந்நாட்டுக்குரியதன்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, தன் ஊதாநிறப் பூவின் பொருட்டு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அழகுக்கென வளர்த்த செடி வாய்க்காலிற் புகுந்து பரவவே, 1909 ஆம் ஆண்டிலேயே அதனை ஒழிப்பதற்கெனத் தனிச்சட்டம் ஒன்று இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் பிறந்து நூறாண்டு கடந்துவிட்டது. செடி இன்றும் இருக்கின்றது.

ஆற்றுவாழையை மனிதன் அறிந்தே கொணர்ந்தான். அவன் அறியாமலே கப்பல் கொணரும் உயிர்களோ எண்ணிறந்தன. சரக்கை இறக்கிய கப்பல் வெறுமையாய்த் திரும்புமாயின் அலையில் நிலைகொள்ளாது சரியும். ஆதலின் அடிப்பாரம் வேண்டும். பாய்க்கப்பற் காலத்தில் கல்லும் மணலும் அடிப்பாரமாயின. இரும்புக் கப்பல்கள் வந்தபின் துறைமுக நீரையே தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளுதல் வழக்கமாயிற்று. அந்நீருடன் சிப்பிகளின் இளவுயிரிகள், நண்டின் குஞ்சுகள், பாசிகள், கிருமிகள் ஆகியனவும் உட்புகுகின்றன. சரக்கேற்றும் துறையில் அந்நீர் வெளியேற்றப்படும்போது அவையும் இறங்குகின்றன. இருளிலும் பசியிலும் பெரும்பாலானவை வழியிலேயே மடியும். எஞ்சியவற்றுள்ளும் சிலவே புதிய நீரில் வேரூன்றும். ஆயினும் அச்சிலவே போதும். தாயகத்தில் அவற்றைத் தின்ற பகைவர்களும் பிணித்த நோய்களும் உடன்வருவதில்லையன்றோ?

இதற்கு உலகறிந்த சான்று வட அமெரிக்கப் பேரேரிகளாம். 1959 இல் சென்லோரன்சு நீர்வழி திறக்கப்பட்டபின் பெருங்கடற் கப்பல்கள் அவ்வேரிகளின் உள்ளே நெடுந்தூரம் சென்றன. கருங்கடல், கசுப்பியன் கடற் பகுதிகளுக்குரிய வரிச்சிப்பி 1988 இல் அங்குள்ள சென்கிளேர் ஏரியிலே கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் அது பேரேரிகள் ஐந்திலும் பரவி, குடிநீர்க் குழாய்களை அடைத்து, நாட்டுச் சிப்பிகளின் முதுகிலேறி அவற்றை மாய்த்தது. நீரை வடித்து நுண்ணுயிர்களை உண்பதாதலின் ஏரிநீர் தெளிந்தது. தெளிவு நன்மையென மயங்குதல் கூடாது. அந்நுண்ணுயிர்களே மீன்குஞ்சுகளின் உணவு.

அமெரிக்காவைவிட அண்மையிலேயே, தமிழர் வாழும் கரையொன்றில், இத்துன்பம் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. சென்னைக்கு வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகமும் அதனை அடுத்த பழவேற்காட்டு ஏரியும் இறாலுக்கும் மட்டிக்கும் பெயர்பெற்றவை. அங்கே சென்ற சில ஆண்டுகளாகக் கருநிறச் சிறுசிப்பியொன்று பெருகிவருகின்றது. மீனவர் அதற்கு இட்ட பெயர் ‘காக்கா ஆழி’ என்பது. நிறம் நோக்கி இட்ட பெயர் போலும். விலங்கியலார் அதனை மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்பர். தென்னமெரிக்கக் கரைகளுக்குரிய இச்சிப்பி 2014 இல் பிலிப்பைன்சிலும் 2016 இல் சிங்கப்பூரிலும் காணப்பட்டது. பின்னர்க் கேரளத்தின் காயல்களை அடைந்தது. கப்பல்களின் அடிப்பார நீரும், கப்பலடியில் ஒட்டிவரும் உயிர்த்திரளுமே இதனைக் கொணர்ந்தன என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கை. எண்ணூர்ப் பகுதியைச் சூழப் பெருந்துறைமுகங்கள் அமைந்திருத்தலும் அக்கொள்கைக்கு அரணாகின்றது.

இச்சிப்பி செய்யும் கேடு யாது? அது தன் உடலினின்றும் நூல்போன்ற இழைகளைச் சுரந்து ஒன்றோடொன்று பிணைந்து சேற்றுத்தரையின்மேற் கம்பளம்போலப் படர்கின்றது. அக்கம்பளத்தின் கீழ் மஞ்சமட்டி மூச்சற்று மடிகின்றது. சேற்றில் இரைதேடிப் பதுங்கும் இறாலுக்கு இடமில்லாது போகின்றது. பெரும்படகும் பெருவலையும் உடையோர் வேறிடம் நாடலாம். இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் முதலியோர்க்குப் புகலிடம் அச்சேற்றுத்தரையன்றி வேறில்லை. துழாவும் கையையும் காலையும் சிப்பியின் கூரிய விளிம்பு கிழிக்கின்றது. கேரளத்து அட்டமுடிக் காயலின் மட்டித்தொழில் 2014 இல் இந்தியாவிலேயே முதன்முதலாக உலகத்தரச் சான்று பெற்றது. அக்காயலிலும் இச்சிப்பி புகுந்து மட்டிப் படுகைகளை நலித்தது. கப்பலால் ஆதாயம் பெறுவோர் ஒருவர். கப்பல் இறக்கிய உயிரால் இழப்பெய்துவோர் வேறொருவர். இவ்விருவரையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்த்தோர் அரியர்.

நாடுகள் இதனை உணராமலில்லை. அடிப்பார நீர் பற்றிய அனைத்துலக உடன்படிக்கை 2004 இல் இலண்டனில் நிறைவேறி, 2017 செப்டெம்பர் 8 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கரையினின்றும் 200 கடல்மைலுக்கு அப்பால், 200 மீற்றருக்குக் குறையாத ஆழத்திலே நீரை மாற்றுக என்பது அதன் தொடக்க விதி. ஆறும் கடலும் கூடும் இடத்து உயிர்கள் ஆழ்கடலின் உவர்ப்பைப் பொறா என்பது அதன் கருத்து. பின்னர், வடிகட்டியும் ஊதாக்கதிர் முதலியவற்றாற் கொன்றும் நீரைத் தூய்தாக்கும் கருவிகள் கட்டாயமாயின. ஆயினும் இவ்வுடன்படிக்கை தொட்டியிலுள்ள நீரையே கட்டுப்படுத்தும்; கப்பலின் அடியில் ஒட்டிவரும் உயிர்களைப் பற்றி 2011 இலும் 2023 இலும் வெளிவந்தவை அறிவுரைகளே; கட்டளைகள் அல்ல.

குடியேறிய உயிரை வெல்லுதல் முற்றாக இயலாததென்று கூறவும் முடியாது. 1939 இல் கொழும்பிலே தாவரவியற் கல்விக்கென வருவிக்கப்பட்ட சல்வீனியா என்னும் மிதக்கும் செடி தப்பிப் பரவி, வயல்களையும் குளங்களையும் மூடிற்று. அச்செடியை மட்டுமே தின்னும், இரண்டு மில்லிமீற்றர் அளவேயுள்ள கூன்வண்டு 1986 இல் இலங்கையில் விடப்பட்டது. சில ஆண்டுகளிற் பல நீர்நிலைகள் வெளிப்பட்டன. அம்முயற்சியிற் செலவான ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா பயன் விளைந்ததெனப் பொருளியலார் கணக்கிட்டனர். ஆனாற் சிப்பிக்கு அத்தகைய தனிப்பகைவன் கிடைத்திலன். அதனைத் தின்னும் நண்டும் மீனும் நாட்டுச் சிப்பியையும் தின்னும். மருந்திடினோ இறாலும் உடன்மடியும்.

2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தமையாற் பெருங்கப்பல்களின் வரவை அது காணவில்லை. ஆதலின் அட்டாளைச்சேனைக் கரைக்கு அச்சமில்லையென எண்ணுதல் தவறாகும். கொழும்பும் திருகோணமலையும் கப்பல்கள் நிறைந்த துறைகள். அங்கு இறங்கிய உயிர், மீன்பிடிப் படகின் அடியிலும் நங்கூரக் கயிற்றிலும் ஈரவலையிலும் ஒட்டிக்கொண்டு துறைவிட்டுத் துறை தாவும். முகத்துவாரம் திறக்கும் பருவத்தில் கடல்நீரோடு களப்பினுள்ளும் புகும். வெளித்துறைகளிற் கிடந்த படகைக் களப்பில் இறக்குமுன் கரையேற்றி, அடியைச் சுரண்டி, வெயிலிற் பலநாள் உலரவிடுதல் செலவில்லாத காவல். சுரண்டியவற்றைக் கரையிலேயே புதைத்தல் வேண்டும். நீரில் விழுந்த சிப்பி மீண்டும் நூல்நூற்கத் தொடங்கும்.