திரை இருண்டால் கணக்கு தொலையாது

பில் போடும் கணினியில் திரை கறுத்ததும், பற்று வரவு முழுவதும் போயிற்று என்று வணிகப் பெருமக்கள் பதறிவிடுகிறார்கள். பழுது பார்ப்பவர் 'ஃபார்மேட்' என்றால் சரி என்கிறார்கள். கணக்கு உண்மையில் அழிவது அப்போதுதான்!

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. யூனிக்ஸ் வழிவந்த லினக்சுக்கு மாறுவோர் ஒன்றை அறிய வேண்டும். அதில் படம் காட்டும் மென்பொருள் வேறு, கணக்குக் கோப்பு இருக்கும் இடம் வேறு.

முதலில் கேபிள். போளூர், பூம்பாறை போன்ற மலையூர்களில் மூடுபனி ஈரம் இணைப்பு முனைகளைக் கெடுக்கும். மின்சாரத்தை அணைத்து, கழற்றித் துடைத்து இறுக்குங்கள். (பாதித் தொல்லை இதோடு தீரும்.)

அடுத்து கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பெயர் கேட்டால் கோளாறு படத்தில் மட்டுமே. விவரம் தெரிந்தவரை வைத்து, கணக்குக் கோப்பை முதலில் பென் டிரைவில் நகலெடுக்கச் சொல்லுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வந்தால், வட்டு நிரம்பியிருக்கலாம். புதுப்பித்தலுக்குப் பின் இருண்டிருந்தால், தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.