சோளகமும் நெருஞ்சி முள்ளும்

விசுவமடுவில் இருந்து தர்மபுரம், பரந்தன் பக்கம் சைக்கிளில் வேலைக்குப் போகிற நேயர்களே, ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கும்போது பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் மேற்கே உழக்குவது என்ன பாடென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு கட்டை போவதற்குள் சட்டை நனைந்துவிடும். பின்னேரம் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளி வீட்டில் கொண்டுவந்து விடும். அந்தளவுக்கு நியாயமான காற்றுத்தான்.

ஒழுங்கைக்குள் இறங்கினால் நெருஞ்சி முள். ரியூப்புக்கு ஒட்டுப் போட்டவுடன் பூட்டிவிடாதீர்கள். ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி அங்கேயே இருந்தால் நாளைக்கும் ஒட்டுத்தான்.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் வன்னி தவித்த காலத்தில், வானொலியைப் பேசவைத்ததும் சைக்கிள்தான். அதைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சில்லோடு உரசும் டைனமோ மின்சாரம் தரும். சுற்றி நின்றவர்கள் செய்தி கேட்பார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்! 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது முழு நாடுமே சைக்கிள் தேடியது.

இப்போது பல சைக்கிள்களில் டைனமோ இல்லை. இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர்கள் முன்னுக்கு ஒரு ரோச் லைட்டும், பின் மட்காட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்ரிக்கரும் போட்டுக்கொள்ளுங்கள். வீதியில் மாடும் படுத்திருக்கும், பார்த்து வாருங்கள்.